இடது ஓரத்து எண்கள்

பிரெஞ்சுக்காரர்கள் இயந்திரத்தை வீட்டு ஆள் மாதிரித்தான் நினைப்பார்கள் போலிருக்கிறது. சிலிண்டருக்குள் செருகும் உறைக்குச் சட்டை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சுழலும் தண்டுக்கு மரம் என்று பெயர். இரும்பு உத்தரத்தின் நடுத்தகட்டை ஆன்மா என்கிறார்கள். இந்தச் சட்டையையும் மரத்தையும் ஆன்மாவையும் லைனர், ஷாஃப்ட், வெப் என்று இங்கிலீஷில் மாற்றி எழுதுவதுதான் என் பிழைப்பு. அடையாறில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில், துணி காயப்போடும் பால்கனியை ஒட்டிப் போட்ட மேசையில் உட்கார்ந்து வருஷக்கணக்காக இதைச் செய்துவருகிறேன்.

என்ன வேலை என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லியே அலுத்துவிட்டது. பிரெஞ்சு டீச்சரா என்பார்கள். இல்லை, மொழிபெயர்ப்பு என்றால் கண் விரியும். கதையா, கவிதையா என்பார்கள். தண்ணீர் பம்புக்கான கையேடு என்றதும் விரிந்த கண் பழையபடி சுருங்கிவிடும். வடபழனியில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரம்மா, "அதையெல்லாம் யாருங்க படிக்கப்போறாங்க?" என்று கேட்டார். "கழட்டி மாட்டுறவன் படிப்பான். நான் தப்பா எழுதினா அவன் விரல் போயிடும்" என்றேன். அந்தம்மா பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அது எனக்கே தெரியும்.

எனக்கு வேலை கொடுக்கும் அலுவலகம் தி.நகரில், பாண்டி பஜாரிலிருந்து திரும்பும் ஒரு தெருவில், ஜவுளிக்கடை ஒன்றின் மாடியில் இருக்கிறது. ஆடி மாதம் வந்தால் கீழே தள்ளுபடிக் கூட்டத்தை நீந்தித்தான் படியேற வேண்டும். அங்கே ஒரு விதி உண்டு. மொழிபெயர்க்கிறவருக்கும் அதைத் திருத்துகிற ரிவியூவருக்கும் ஒருவரையொருவர் தெரியக்கூடாது. தெரிந்தால் முகதாட்சண்யம் வந்துவிடுமாம். நான் எழுதி அனுப்புவேன். திரையின் இடது பாதியில் பிரெஞ்சு, வலது பாதியில் என் இங்கிலீஷ். சில நாள் கழித்து அது உடம்பெல்லாம் சிவப்பாகத் திரும்பி வரும். ஓரத்தில் குறிப்புகள் இருக்கும். குறிப்பை எழுதியவர் யார், ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று எதுவும் தெரியாது.

என் ரிவியூவரை நான் எப்படி வெறுத்தேன் என்று சொல்லி மாளாது. ஷாஃப்ட்டைத் தாங்கும் ஒரு பாகத்தை நான் பேரிங் என்று எழுதினேன். "பேரிங் உள்ளே இருப்பது. இது அதைச் சுமக்கும் கூடு. பிளம்மர் பிளாக் என்று எழுதவும். இதை நேரில் பார்த்ததுண்டா?" என்று குறிப்பு வந்தது. பார்த்ததில்லைதான். அதற்காக இப்படியா கேட்பது? பதிலுக்கு நான் அகராதிப் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பினேன். "அகராதி பம்பைக் கழற்றாது" என்று மறுநாள் பதில் வந்தது. என் வீட்டுக்காரர் சிரித்து உருண்டார். "யாரா இருந்தாலும் உனக்குச் சரியான ஜோடி" என்றார். அன்று அவருக்கு மத்தியானம் தயிர்சாதம் மட்டும்தான்.

என் மனதில் அந்த ரிவியூவருக்கு ஒரு உருவம் இருந்தது. ரிட்டையர் ஆன என்ஜினியர், கைவைத்த பனியன், மூக்கு நுனியில் கண்ணாடி, வீட்டில் யாரும் அந்த ஆளோடு பேசுவதில்லை. இந்த உருவத்தோடு நான் குளிக்கும்போதும் காய் நறுக்கும்போதும் சண்டை போட்டிருக்கிறேன். பெரும்பாலும் தோற்றேன், அதையும் சொல்லிவிட வேண்டும். அந்தச் சிவப்பு மையால்தான் எனக்கு இயந்திரம் புரிந்தது. வார்த்தை எந்தப் பாகத்தின்மேல் உட்காருகிறது, அந்தப் பாகம் எதற்காக இருக்கிறது என்று யோசித்து எழுதவே அதற்குப் பிறகுதான் பழகினேன்.

போன வருஷம் ஒரு பெரிய பம்பு நிலையத்தின் கையேடு வந்தது. நான் முடித்து அனுப்பினேன். வழக்கம்போல் சிவப்பாகத் திரும்பி வந்தது. வழக்கம்போல் பல்லைக் கடித்துக்கொண்டு திறந்தேன். போல்ட்டுகளை எவ்வளவு விசையோடு முறுக்க வேண்டும் என்கிற அட்டவணையில் நான் 140 என்று எழுதியிருந்ததை அடித்து 40 என்று போட்டிருந்தது. "மூலத்தைப் பார்க்கவும்" என்று அதட்டல் வேறு. மூலத்தைப் பார்த்தேன். 140தான். அடுத்த வரியில் 275 என்பது 75 ஆகியிருந்தது. அதற்கும் கீழே 310 வெறும் 10 ஆகிவிட்டிருந்தது.

எங்கள் தொழிலில் எண்ணைத் தொடமாட்டார்கள். சொல்லில் தப்பு வரலாம், சண்டை போட்டுத் திருத்தலாம். எண் என்பது அப்படியே எடுத்து வைக்க வேண்டிய பொருள். புதிதாய் வந்தவர்கள்கூட அதில் கை வைக்கமாட்டார்கள். இன்னும் சில பக்கங்கள் தள்ளிப் பார்த்தேன். பம்பு ஓடும்போது வால்வைத் திறக்கக் கூடாது என்று ஒரு எச்சரிக்கை. பிரெஞ்சில் அந்தக் 'கூடாது' வாக்கியத்தின் முதலிலேயே வந்துவிடும். நம்மைப்போல் கடைசிவரை காத்திருக்காது. என் இங்கிலீஷிலிருந்த 'கூடாது' அடிக்கப்பட்டு, ஓடும்போது வால்வைத் திறக்கவும் என்று ஆகியிருந்தது. ஓரத்தில், "இல்லாததைச் சேர்க்க வேண்டாம்" என்று குறிப்பு.

உடனே தி.நகருக்குப் போன் போட்டேன். அங்கே எல்லாவற்றையும் ஒருங்கிணைப்பது ஒரு இளம்பெண். வியாசர்பாடியிலிருந்து தினமும் வருவாள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"அக்கா, நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றாள். "இந்த ரிவியூவர் மேல இன்னொரு கிளையன்ட்டும் கம்ப்ளெயின்ட் பண்ணிக்கினு இருக்காங்க. சார் எடுத்துடலாம்னு சொல்லிட்டாரு. நீங்க ஒரு ரிப்போர்ட் மட்டும் எழுதிக் குடுத்துடுங்க. இன்னின்ன தப்பு, வேலைக்கு லாயக்கில்லன்னு. இனிமே அந்த வேலையை மெஷினே பாத்துக்குமாம்."

இத்தனை வருஷச் சண்டைக்கு இதைவிட நல்ல முடிவு வேறென்ன? சந்தோஷப்பட வேண்டியவள்தான் நான். ஆனால் எனக்குச் சுருக்கென்று இருந்தது. லாயக்கில்லையாம்! அந்த ஆளை லாயக்கில்லை என்று சொல்ல இவர்கள் யார்? வேண்டுமானால் நான் சொல்வேன், நான் திட்டுவேன். மாடியில் ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டு ஒரு வால்வைப் படத்தில்கூடப் பார்க்காத மனிதர் சொல்வதா?

இன்னொன்றும் உறுத்தியது. அதே கையேட்டில் மற்ற திருத்தங்களெல்லாம் கத்தி மாதிரி இருந்தன. நான் சறுக்கிய இடத்தையெல்லாம் கச்சிதமாகப் பிடித்திருந்தார். புத்தி மழுங்கிய ஆள் செய்கிற காரியம் இல்லை அது. அப்படியென்றால் எண்கள் எப்படித் தப்பின? அலட்சியமா? இந்த ஆளுக்கு அலட்சியமா?

மறுநாள் காலை தி.நகர் போனேன். முகவரி வேண்டும் என்று கேட்டேன். அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ரூல் தெரியும்லக்கா? நான் சொல்லமாட்டேன்" என்றவள், மேசைக்கு அடியிலிருந்து தடியான ஒரு பொட்டலத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். "ஆனா இது அவங்களோட டிக்ஷனரி. ரொம்ப நாளா இங்கியே கீது. கூரியர்ல போடணும்னு அட்ரஸ் எழுதி வெச்சேன். நான் டீ குடிச்சிட்டு வர்றேங்கா."

அவள் படியிறங்கியதும் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது. சாந்தோம் முகவரி. ஒரு பெண்ணின் பெயர்.

பனியனும் மூக்குக்கண்ணாடியுமாக நான் வளர்த்துவைத்திருந்த ஆள் அங்கேயே காணாமல் போனார். அகராதியை இடுப்பில் குழந்தை மாதிரி இடுக்கிக்கொண்டு, ஜவுளிக்கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போய் ஆட்டோ ஏறினேன்.

வீடு தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. கடல் பக்கத்திலிருந்து மீன் வாசனையோடு காற்று வந்தது. கதவைத் திறந்தவர் அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா. மொழிபெயர்ப்பு அலுவலகத்திலிருந்து புத்தகம் கொண்டுவந்திருக்கிறேன் என்றதும், "அக்காவுக்கா? உள்ள வாங்க" என்று கூட்டிப்போனார். கதவைத் திறந்த இந்த அம்மா தங்கை, பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். அக்காதான் என் ரிவியூவர். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அந்த வீட்டில் அவர்கள் மட்டும்தான்.

அக்கா ஜன்னலோரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். வெட்டிய வெள்ளை முடி, பருத்திப் புடவை, கையில் ஒரு பழைய ஸ்டீல் ஸ்கேல். நான் யார் என்று சொன்னதும் ஒரு கணம் முழித்தார். பிறகு வீடே அதிரச் சிரித்தார்.

"அகராதியைப் படம் புடிச்சு அனுப்புன மகராசி நீங்கதானா!"

"நேர்ல பாத்ததுண்டான்னு கேட்ட மகராசியைத்தான் நேர்ல பாக்க வந்தேன்" என்றேன்.

அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. தங்கையைப் பார்த்து, "சொன்னேன்ல, திமிரு புடிச்ச ஆளு, ஆனா நல்லா எழுதும்னு. இவதான்" என்றார். ஒரு பம்பு கம்பெனியின் வரைபடப் பிரிவில் முப்பது ஆண்களுக்கு நடுவே ஒரே பெண்ணாக வேலை பார்த்ததையும், கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர்கள் கொடுத்த வரைபடங்களைப் படிக்கவே அந்த மொழியைக் கற்றதையும் என்னை நிற்கவைத்தே சொல்லி முடித்தார். எனக்கு வந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. இவரிடம் போய் எண்ணைப் பற்றி எப்படிக் கேட்பது?

தங்கை ஒரு நாற்காலியை இழுத்து அக்காவின் இடது கைப்பக்கம் போட்டார். உட்கார்ந்தேன். தங்கை காப்பி போடப் போனார். பெரியவரான அக்கா மேசையில் எதையோ நகர்த்திவிட்டு நிமிர்ந்தார். வாசல் பக்கம் பார்த்தார். ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"எங்கடி, அந்தப் பொண்ணு போயிட்டாளா?" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

கை நீட்டினால் தொடும் தூரத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். "இங்கதான் இருக்கேன் மேடம்" என்றேன். குரல் வந்த திசையில் திரும்பாமல், தலையை வலது பக்கமாகத் திருப்பித் தேடினார்.

தங்கை காப்பியும் ஒரு தட்டில் கேக்கும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தார். பெரியவர் வலது பக்கமிருந்த முறுக்கை எடுத்து உடைத்துச் சாப்பிட்டார். கேக்கைத் தொடவில்லை.

"பாருங்க" என்றார் தங்கை என்னிடம், அடக்கிவைத்த ஆற்றாமையோடு. "கேக்னா உசுரு இவளுக்கு. இப்ப நான் செஞ்சா தொடறதில்ல. சோறும் அப்படித்தான். பாதித் தட்டு அப்படியே கெடக்கும். பொரியல்ல கையே வைக்கறதில்ல. எம்மேல என்ன கோவம்னு கேட்டா, நீ பொரியலே வைக்கலயேன்னு எங்கிட்டயே சொல்றா. கண்ணு முன்னால வெச்சுட்டுப் போறேன்! ரெண்டு நாளு நானும் பேசலை."

"வைக்கலை, அதான் சொன்னேன்" என்றார் பெரியவர்.

எனக்கு 140 நினைவுக்கு வந்தது. 275 வந்தது. அடித்துத் தள்ளிய 'கூடாது' வந்தது. போனதெல்லாம் இடது ஓரம். நான் ஒன்றும் டாக்டர் இல்லை. ஆனால் ஒருவர் எழுதியதை வருஷக்கணக்காக வரிவரியாகப் படித்தவளுக்கு, அந்த வரி எங்கே அறுந்திருக்கிறது என்று தெரியாமல் போகுமா?

"மேடம், அந்த அட்டவணையைக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்களேன்" என்றேன்.

"சண்டைக்கா? வா" என்று உற்சாகமாகத் திரையில் திறந்தார். "நாப்பது" என்றார். "எழுபத்தஞ்சு" என்றார். அச்சாகக் கிடந்த ஒரு தாளில் அதே அட்டவணை இருந்தது. அதை எடுத்து, எழுந்துபோய், அவருடைய வலது தோளுக்கு அப்பால் நீட்டிப் பிடித்தேன். அவர் தலையைத் திருப்பி வாசித்தார்.

"நூத்தி நாப்பது."

அவர் தாளை என்னிடமிருந்து வாங்கினார். நேராகப் பிடித்தார். வலது பக்கம் கொண்டுபோனார். திரும்ப நேராகக் கொண்டுவந்தார். இயந்திரம் பழுதென்றால் எப்படிப் பார்ப்பாரோ அப்படியே தன்னைச் சோதித்தார். பிறகு தாளைக் கீழே வைத்தார்.

"எத்தனை கையேடு போயிருக்கும் இப்படி?" என்றார். குரல் இறங்கிவிட்டது. "யாராவது நாப்பதுல முறுக்கியிருப்பானா?"

"எதுவும் கழட்டி மாட்டுறவன் கைக்குப் போகலை. நான் நிறுத்திட்டேன். முன்னாடி போனதையும் கிளையன்ட்டே புடிச்சுட்டாங்க" என்றேன். "இப்ப அது முக்கியமில்ல. கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

"வெள்ளிக்கிழமை ஒரு ஃபைல் குடுக்கணும். முடிச்சுட்டுப் போறேன்."

"மேடம்!"

"இல்லம்மா, கேளு. ஆஸ்பத்திரின்னு போனா வேலை போச்சு. கண்ணு சரியில்லாத ரிவியூவரை யாரு வெச்சுப்பா? காலையில எழுந்தா இந்த மேசைக்கு வரணும்னு ஒண்ணு இருக்கு. அதுவும் போயிடுச்சுன்னா நான் இந்த வீட்டுல என்ன பண்றது, சொல்லு? இவ பூச்செடிக்குத் தண்ணி ஊத்தறதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

அப்போது எனக்கு வந்த கோபம் மாதிரி என்றைக்கும் வந்ததில்லை. "ஃபைலைத் தூக்கிக் குப்பையில போடுங்க!" என்று கத்தினேன். முதல்முறையாக அந்த வீட்டுக்குள் வந்த விருந்தாளி நான். "ஒரு பக்கத்து பிரஷர் கேஜ் வேலை செய்யலைன்னு தெரிஞ்சும் பம்பை ஓட்டுவீங்களா? எனக்கா இருந்தா என்ன குறிப்பு எழுதுவீங்க? நிறுத்திட்டுக் கழட்டிப் பாருன்னு எழுதமாட்டீங்க?"

அவர் கம்ப்யூட்டரை அணைத்தார். தங்கை அதற்குள் பீரோவைத் திறந்து புடவைகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தார். "பொரியலை வெச்சுத்தாண்டி இருந்தேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சந்து முனையில் நின்ற ஆட்டோக்காரர், நாங்கள் பெரியவரை இரண்டு பக்கமும் பிடித்துக் கூட்டிவருவதைப் பார்த்துவிட்டுத் தானே வண்டியை உள்ளே கொண்டுவந்தார். "இன்னா ஆச்சு டீச்சர், அக்காவுக்கு மயக்கமா? ஏறு ஏறு, பத்து நிமிசத்துல இட்டுனு போய் வுட்டுர்றேன்" என்றார். ஏறும்போது பெரியவரின் இடது தோள் கம்பியில் இடித்தது. வலித்ததா என்று கேட்டேன். "எது?" என்றார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் வலது பக்கத்தில் ஒரு சின்ன இடத்துக்கு ரத்தம் போகாமல் நின்றிருக்கிறது, சில வாரங்கள் ஆகியிருக்கலாம் என்றார் டாக்டர். கண்ணில் கோளாறே இல்லையாம். கண் பார்க்கிறது, இடது பக்கம் என்று ஒன்று இருப்பதைத்தான் மூளை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் அவருக்கு எதுவும் குறைந்ததாகவே தெரிந்திருக்காது. இதயத் துடிப்பு தாளம் தப்பியதால் உண்டான ரத்தக்கட்டி. "நல்ல வேளை கூட்டிட்டு வந்தீங்க. அடுத்தது இவ்வளவு சின்னதா வந்திருக்காது" என்றார். அன்றே அனுமதித்தார்கள். ரத்தத்தை இளக்கும் மருந்து ஆரம்பித்தார்கள்.

டாக்டர் போன பிறகு தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணும்னே பண்றான்னு நினைச்சு நான் பேசாம இருந்தேனே" என்றார். "யாருக்குங்க தெரியும்? எனக்கும் கோவம்தான் வந்துச்சு" என்றேன். இரண்டு பேரும் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து ஆறிப்போன காப்பியைக் குடித்தோம்.

தி.நகர் பெண் போனில் ரிப்போர்ட் எங்கே என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். "இன்னாக்கா சொல்றீங்க" என்றாள். ரிப்போர்ட் எழுதினேன். 'இவர் பார்க்கும் கோப்புகளில் எண்களை இன்னொருவரும் சரிபார்க்க வேண்டும். சொற்களை இன்னொருவர் சரிபார்க்கத் தேவையில்லை' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதைக் காட்டி அவள் தன் சாரிடம் என்ன பேசினாளோ, குணமாகும்வரை அவர் இடத்துக்கு ஆளையோ மெஷினையோ போடுவதில்லை என்று முடிவாயிற்று. குணமானால் பார்க்கலாமாம். குணமாகாவிட்டால் அந்த மேசை அவருக்கு இல்லை. அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

வீடு திரும்பிய பிறகு பயிற்சி சொல்லித்தர ஒரு பெண் வந்தாள். கண்டிப்பான பெண். யார் வந்தாலும் பேஷன்ட்டுக்கு இடது பக்கம்தான் உட்கார வேண்டும், பேச்சும் சாப்பாடும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும், தானாகத் திரும்பட்டும், நீங்கள் திருப்பிவிடாதீர்கள் என்றாள். கேட்க நன்றாக இருந்தது. உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். நான் பேசுவேன், அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வார். சிரிப்பார்கூட. முகம் மட்டும் என் பக்கம் வராது. திரும்புங்க மேடம் என்றால் கொஞ்சம் திரும்புவார், மறுநொடி கழுத்து பழைய இடத்துக்கே போய்விடும். சில நாள் வீட்டுக்கு வந்து அடையாறு பால்கனியில் நின்று அழுதிருக்கிறேன்.

பேச்சு தீர்ந்துபோனபோது வேலையைக் கொண்டுபோக ஆரம்பித்தேன். பிரெஞ்சை வாசிப்பேன், என் இங்கிலீஷை வாசிப்பேன், அவர் ஜன்னலைப் பார்த்தபடி கேட்பார். காதில் எந்தக் குறையும் இல்லை. சரி, சரி என்று தலையாட்டுவார். ஆனால் பழைய காரம் இல்லை. மருந்தா, மனசா தெரியவில்லை. சுமாரான வாக்கியத்தையும் சரி என்று விட்டுவிடுவார். சண்டை போடாத அந்த மனுஷியைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. இவர் திரும்பாமலே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று தங்கையும் நானும் வாசலில் நின்று மெதுவாகப் பேசிக்கொள்வோம்.

மழை விட்ட ஒரு சாயங்காலம், மூடியைப் பம்பின் உடலோடு பிடித்து வைக்கும் பாகம் ஒன்றைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். கூஜோன் என்று பிரெஞ்சில் வந்தது. நான் போல்ட் என்று எழுதியிருந்தேன். வேண்டுமென்றே செய்ததில்லை. நிஜமாகவே எனக்கு அப்படித்தான் தோன்றியது. வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

"என்னது?"

நான் நிறுத்தினேன். ஜன்னலைப் பார்த்திருந்த வெள்ளைத் தலை அசைந்தது. மேசையைத் தாண்டியது, நடுவைத் தாண்டியது, வழக்கமாக நின்றுபோகும் இடத்தில் ஒரு தரம் தயங்கியது, பிறகு அதையும் தாண்டி வந்தது. அவர் கண் என் கண்ணுக்கு நேராக வந்து நின்றது. அதில் அப்படி ஒரு கோபம்.

"போல்ட்டா? ஒரு முனை பம்பு உடம்புலயே இறங்கியிருக்கும், மறுமுனையில நட்டு போடணும். அதுக்குப் பேரு போல்ட்டா? ஸ்டட்டுடி! இத்தனை வருஷம் எழுதி என்னத்தைக் கிழிச்சே?"

வாசற்படியில் காப்பித் தட்டோடு நின்றிருந்த தங்கை ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டார். பெரியவர் அவரைப் பார்த்தார், திரும்பவும் என்னைப் பார்த்தார், இந்தப் பக்கம்தான், என்னைத்தான்.

"அழட்டும், விடு" என்றார். "ஸ்டட்டைப் போய் போல்ட்டுன்னு எழுதினா யாருக்கும் அழுகை வரத்தான் செய்யும்."

எனக்கும் வந்துவிட்டது. தப்புதான் மேடம் என்றேன்.

"தெரியுதுல்ல? திருத்து."